அரிசியா, சோறா? கலோரிக் கணக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நூறு கிராம் 'றைஸ்' என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 365 கலோரி என்றிருக்கும். இன்னோரிடத்தில் 130 என்றிருக்கும். இரண்டும் சரியான எண்கள்தான். முதலாவது உலையில் போடாத அரிசிக்கு உரியது. இரண்டாவது வெந்து இறக்கிய சோற்றுக்கு உரியது. எது எதற்கு உரியது என்று பார்க்காமல் எடுத்தால், கணக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு பிழைத்துவிடும்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. வயலில் விளைவது நெல், குத்தி எடுத்தால் அரிசி, வெந்தால் சோறு. ஆனால் நாம் வாழும் நாடுகளின் மொழிகளில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் 'றைஸ்', ஜேர்மன் மொழியில் 'ரைஸ்', நோர்வேஜிய மொழியில் 'ரிஸ்', பிரெஞ்சில் 'ரி'. வைத்தியசாலையில் கொடுத்த உணவுத் தாளில் 'றைஸ் 60 கிராம்' என்றிருப்பதைப் பேரப்பிள்ளை வாசித்து, "அம்மம்மா, சோறு 60 கிராம்தானாம்" என்று சொல்கிறது. அறுபது கிராம் சோறு என்பது நாலைந்து கரண்டி. அம்மம்மா அரைவயிறோடு எழும்புகிறார், அல்லது அந்தத் தாளையே ஒதுக்கிவிடுகிறார். தாள் சொன்னது அரிசியாக இருந்தால், அவர் சாப்பிட்டிருக்க வேண்டியது ஏறத்தாழ 160 கிராம் சோறு.

இது வெறும் உடல் மெலியும் ஆசைக்கான கணக்கு அல்ல. தெற்காசியப் பூர்வீகம் கொண்டவர்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடல் நிறையிலும் வருகிறது. அதனால்தான் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல்கள் உடற்பருமன் குறியீடு 25 என்று பொதுவாக வைத்திருக்கும் எச்சரிக்கை எல்லையைத் தெற்காசியர்களுக்கு 23 ஆகக் குறைத்திருக்கின்றன. கர்ப்பகால நீரிழிவும் எமது பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. வீட்டில் இன்சுலின் போடும் ஒருவர் இருந்தால், குறிப்பாக அது ஒரு பிள்ளையாக இருந்தால், கோப்பையில் இருப்பது எத்தனை கிராம் மாச்சத்து என்பது ஒவ்வொரு வேளையும் விடை தேட வேண்டிய கேள்வி. எமது கோப்பையில் பெரும்பாலும் அந்த மாச்சத்து சோறுதான்.

தண்ணீருக்குக் கலோரி இல்லை

அரிசியில் ஏறத்தாழ 12 வீதம்தான் நீர். மீதியில் பெரும்பகுதி மாப்பொருள், சிறிது புரதம், மிகச் சிறிது கொழுப்பு. நூறு கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 80 கிராம் மாச்சத்தும் 7 கிராம் புரதமும் இருக்கும். மாச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அற்வாற்றர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. இன்றும் உணவுப் பொதிகளில் அதுவே பாவிக்கப்படுகிறது. இந்தக் கணக்கின்படி நூறு கிராம் அரிசிக்கு 350 முதல் 365 கலோரி வரும். (நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. பொதியில் அப்படித்தான் அச்சிடப்பட்டிருக்கும்.)

அரிசி வேகும்போது நடப்பது எளிமையானது. சூடு 60 முதல் 75 பாகைக்கு ஏறும்போது மாப்பொருள் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்குகின்றன. நூறு கிராம் அரிசி 250 முதல் 300 கிராம் வரை சோறாகிறது. கூடியது முழுவதும் தண்ணீர். சோற்றில் ஏறத்தாழ 68 வீதம் நீர் இருக்கிறது. தண்ணீருக்குக் கலோரி கிடையாது. ஆகவே அரிசியில் இருந்த 365 கலோரியும் இப்போது 280 கிராம் சோற்றுக்குள் பரவிக் கிடக்கிறது. அதில் நூறு கிராமை மட்டும் எடுத்தால் 130 கலோரி.

சமைத்ததால் கலோரி குறைந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். குறையவில்லை. ஒரு பானையில் போட்ட அரிசியில் என்ன இருந்ததோ, அதுதான் அந்தப் பானைச் சோற்றிலும் இருக்கிறது. இந்த ஒரு விடயம் விளங்கினால் கீழே வரும் எல்லாக் கணக்கும் தானாக வரும்.

பொதியில் இருப்பது எந்த எண்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2016 டிசெம்பர் முதல் பெரும்பாலான பொதி உணவுகளில் நூறு கிராமுக்கான சத்து விபரம் கட்டாயம். அது பொதுவாக விற்கும் நிலையில் உள்ள பொருளுக்கே எழுதப்படும். அரிசிப் பொதி என்றால் சமைக்காத அரிசிக்கு. ஆனால் சமைக்கும் முறையைத் தெளிவாக எழுதினால், சமைத்த நிலைக்கான எண்ணைக் கொடுக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் இரண்டு விதமான பொதிகளும் கடைகளில் இருக்கின்றன. பிரித்தானியாவிலும் இதே முறைதான். முதலில் பெரிய எண்ணாகக் கிலோயூல் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை 4.2 ஆல் பிரித்தால் கலோரி வரும்.

கனடாவில் நூறு கிராமுக்கு அல்ல, ஒரு பரிமாறலுக்கு எழுதுவார்கள். அரிசிக்கு அது வழக்கமாக 45 கிராம், அதாவது கால் கப் அரிசி. சுமார் 160 கலோரி என்று போட்டிருக்கும். இதைக் கால் கப் சோறு என்று எடுப்பதுதான் அங்கு அடிக்கடி நடக்கும் பிழை. 45 கிராம் அரிசி வெந்தால் 120 கிராமுக்கு மேல் சோறாகும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐரோப்பாவில் மாச்சத்து என்று எழுதும் எண்ணில் நார்ச்சத்து சேராது. வட அமெரிக்காவில் சேரும். வெள்ளை அரிசியில் நார்ச்சத்து மிகக் குறைவு என்பதால் பெரிய வேறுபாடு வராது. தவிடு நீக்காத அரிசியில் கொஞ்சம் வரும். மைக்ரோவேவில் சூடாக்கும் பைகளில் இருப்பது ஏற்கனவே வெந்த சோறு. அவற்றில் உள்ள எண் சோற்றுக்கானது. சிலவற்றில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள்.

எந்த நாட்டுப் பொதியாக இருந்தாலும் ஒரு சுலப அடையாளம் இருக்கிறது. நூறு கிராமுக்கு 340க்கு மேல் என்றால் அது அரிசி. 110 முதல் 160 வரை என்றால் அது சோறு. கைத்தொலைபேசிச் செயலியிலும் இதையே பாருங்கள். ஜேர்மன் மொழியில் 'கெகோக்ட்', பிரெஞ்சில் 'குயி', நோர்வேஜிய மொழியில் 'குக்த்', ஆங்கிலத்தில் 'குக்ட்' என்றிருந்தால் சோறு. ஒன்றும் குறிப்பிடாமல் 'றைஸ்' என்று மட்டும் இருந்தால், எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிழை இரண்டு பக்கமும் வெட்டும்

முதலாவது பிழை, சோற்றை நிறுத்து அரிசியின் எண்ணை எடுப்பது. ஒருவர் 250 கிராம் சோறு போட்டுக்கொள்கிறார். உண்மையில் அதில் 325 கலோரியும் 70 கிராம் மாச்சத்தும் உண்டு. செயலியில் அரிசியைத் தெரிவு செய்தால் 912 கலோரி, 200 கிராம் மாச்சத்து என்று காட்டும். இதைப் பார்த்துப் பலர் சோறே ஆகாது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பிழை, அரிசியை நிறுத்துச் சோற்றின் எண்ணை எடுப்பது. ஒருவர் வேளைக்கு 80 கிராம் அரிசி அளந்து போடுகிறார். சோற்றின் எண்ணைப் பாவித்தால் 104 கலோரி என்று வரும். உண்மை 292. ஒரு வேளைக்கு 188 கலோரி கணக்கில் வராமல் போகிறது. நாளுக்கு இரண்டு வேளை சோறென்றால் 376. "எல்லாம் எழுதித்தான் சாப்பிடுகிறேன், நிறை இறங்குதில்லை" என்று சொல்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்சுலின் பாவிப்பவருக்கு இந்தப் பிழை நேரடி ஆபத்து. உதாரணத்துக்கு, 10 கிராம் மாச்சத்துக்கு ஓர் அலகு இன்சுலின் என்று ஒருவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைப்போம். மேலே சொன்ன 250 கிராம் சோற்றுக்கு அவருக்கு 7 அலகு தேவை. பிழையான எண்ணை எடுத்தால் 20 அலகு போட நேரும். இரத்தத்தில் சீனி கடுமையாக இறங்கி மயக்கமடையும் அளவு அது. மறுபக்கம், 100 கிராம் அரிசிச் சோற்றுக்கு 8 அலகு தேவைப்படும் இடத்தில் 3 அலகோடு நின்றால் சீனி ஏறியபடி கிடக்கும். ஒரு நாள் என்றால் உடம்பு தாங்கும். வருடக்கணக்கில் என்றால் கண்ணும் சிறுநீரகமும் காலும்தான் அதன் விலை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீண்ட காலமாகப் பிழையான எண்ணைப் பாவித்து வந்தது இப்போதுதான் தெரிகிறது என்றால், நாளையிலிருந்து சரியான எண்ணைப் போட்டு இன்சுலினைக் கணக்கிட வேண்டாம். உங்கள் இரத்தச் சீனி அளவுகளைப் பார்த்தே வைத்தியர் உங்கள் விகிதத்தை அமைத்திருப்பார். அந்த அளவுகளுக்குள் பழைய பிழையும் சேர்ந்திருக்கிறது. விகிதத்தை மாற்றாமல் கணக்கை மட்டும் திருத்தினால் மருந்து திடீரெனக் கூடலாம் அல்லது குறையலாம். முதலில் நீரிழிவுத் தாதியிடமோ வைத்தியரிடமோ, "இவ்வளவு காலமும் இப்படித்தான் எண்ணி வந்தேன்" என்று சொல்லுங்கள். இரண்டையும் அவர்கள் சேர்த்துத் திருத்துவார்கள்.

வீட்டுப் பானைக்கு ஒரு கணக்கு

பொது எண்களைவிட உங்கள் வீட்டுப் பானையின் எண்தான் நம்பகமானது. இதற்குத் தேவையானது ஒரு மின்தராசு மட்டும். ஒரு நாள் செய்து பார்த்து எழுதி வைத்தால் போதும்.

முதலில் பானையை, அல்லது றைஸ் குக்கரின் உட்பாத்திரத்தை, வெறுமையாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரிசியைக் கழுவ முன்னரே நிறுங்கள். கழுவிய அரிசியில் தண்ணீர் ஒட்டியிருக்கும். வழக்கம்போலச் சமையுங்கள். வெந்தபின் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் நிறையைக் கழியுங்கள். கிடைப்பது சோற்றின் நிறை.

ஓர் உதாரணம். அரிசி 300 கிராம். பொதியில் நூறு கிராமுக்கு 350 கலோரி, 78 கிராம் மாச்சத்து என்றிருக்கிறது. அப்படியென்றால் பானை முழுவதற்கும் 1050 கலோரி, 234 கிராம் மாச்சத்து. வெந்த சோறு 810 கிராம். இப்போது 810ஐ 300ஆல் பிரித்தால் 2.7. இதுதான் உங்கள் வீட்டு எண். ஒருவர் 200 கிராம் சோறு போட்டால், 200ஐ 2.7ஆல் பிரிக்க 74 கிராம் அரிசி வரும். அதில் ஏறத்தாழ 260 கலோரி, 58 கிராம் மாச்சத்து.

ஒரே அரிசி, ஒரே அளவு தண்ணீர், ஒரே பாத்திரம் என்றால் இந்த எண் பெரிதாக மாறாது. அரிசியின் வகை மாறினால் மறுபடி ஒரு முறை நிறுங்கள். அதன்பின் சாப்பாட்டு மேசையில் தராசு தேவைப்படாது. 200 கிராம் சோறு உங்கள் கோப்பையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, உங்கள் அகப்பையால் எத்தனை அகப்பை என்று சில தடவை பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

சுண்டும் கப்பும் பேணியும்

ஊரில் அரிசி அளந்தது சுண்டால்தான். இங்கும் பல வீடுகளில் ஒரு பால்பேணியோ பழைய குவளையோ அந்த வேலையைச் செய்கிறது. அது தவறல்ல. ஆனால் ஒரு வீட்டுச் சுண்டு இன்னொரு வீட்டுச் சுண்டு அல்ல. உங்கள் பேணியில் எத்தனை கிராம் அரிசி கொள்கிறது என்று ஒரு முறை நிறுத்து, அதன் அடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

றைஸ் குக்கரோடு வரும் சிறிய கப் 180 மில்லிலீற்றர். அதில் சுமார் 150 கிராம் அரிசி கொள்ளும். வட அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் கப் அதைவிடப் பெரியது, ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். அதில் சுமார் 185 கிராம் அரிசி கொள்ளும், கலோரி 675. அதே கப்பால் சோற்றை அளந்தால் 158 கிராம்தான், கலோரி 205. 'ஒரு கப் றைஸ்' என்று யாராவது சொன்னால், எந்தக் கப், அரிசியா சோறா என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு நீரிழிவு நிலையங்கள் பாவிக்கும் அலகும் வேறு. கனடாவில் 15 கிராம் மாச்சத்தை ஒரு பங்காக எண்ணுவார்கள். சோறு என்றால் அது மூன்றிலொரு கப். ஜேர்மனியில் 'புரோட்ஐன்ஹைட்', அதாவது பாண் அலகு, 12 கிராம் மாச்சத்து. அது 15 கிராம் அரிசிக்கு, அல்லது ஏறத்தாழ 45 கிராம் சோற்றுக்குச் சமம். சுவிற்சர்லாந்தில் அதே கருத்தில் வரும் அலகு 10 கிராம். பிரித்தானியாவிலும் 10 கிராமைத்தான் ஒரு பங்காக எண்ணுவது வழக்கம். கனடாவில் உள்ள சித்தியின் கணக்கை சுவிசில் உள்ள அக்கா அப்படியே எடுத்தால் பொருந்தாது.

குழைவும் உதிரியும்

வயதானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் சோற்றைக் குழைய வேகவைக்கிறோம். அதே 300 கிராம் அரிசி 900 கிராம் சோறாகலாம். அப்போது நூறு கிராமில் 117 கலோரிதான். பிரியாணிக்கும் பொரித்த சோற்றுக்கும் உதிரியாக எடுப்போம். அரிசி 690 கிராம் சோறாக நின்றால் நூறு கிராமில் 152 கலோரி, அதோடு எண்ணெயும் நெய்யும் சேரும். ஒரே நிறைச் சோற்றில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் பொதுவான 130ஐ விட உங்கள் பானையின் எண் மேலானது.

கஞ்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 50 கிராம் அரிசியில் அரைலீற்றர் தண்ணீர் விட்டுக் காய்ச்சினாலும் அதில் உள்ளது 50 கிராம் அரிசிதான், சுமார் 175 கலோரி. வயிறு நிறைவது தண்ணீரால்.

கஞ்சி வடித்துச் சமைப்பவர்களுக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு. வடித்த நீரோடு கொஞ்சம் மாப்பொருளும் போய்விடும். ஆனால் அது சிறு பங்குதான். வடித்தால் சோற்றின் மாச்சத்தே போய்விடும் என்று நினைத்து இரண்டு மடங்கு போட்டுக்கொள்வது சரியல்ல. அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பவர் என்றால் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை.

சிவப்பரிசிக்குக் கலோரி குறைவா?

சலரோகம் என்றதும் எம்மவர்கள் முதலில் செய்வது வெள்ளை அரிசியை விட்டுச் சிவப்பரிசிக்கு மாறுவது. தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் கூடுதல் என்பது உண்மை. பொதுவாகச் சீனி சற்று மெதுவாக ஏறும் என்பதும் சரி. ஆனால் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். நூறு கிராம் தவிட்டரிசிக்கும் 360 கலோரி அளவில் வரும். அதன் சோற்றில் நூறு கிராமுக்கு 110 முதல் 125 என்று குறைவாகத் தெரிவது பெரும்பாலும் அது கூடுதலாகத் தண்ணீர் எடுப்பதால். நல்ல அரிசி என்பதற்காக இரண்டு அகப்பை கூடப் போட்டால் மாற்றியதன் பயன் போய்விடும். பாஸ்மதிக்கும் புழுங்கலுக்கும் சம்பாவுக்கும் இதே நியாயம்தான். சீனி ஏறும் வேகம் வேறுபடும். நிறுத்த அரிசியில் உள்ள கலோரி பெரிதாக வேறுபடாது.

புட்டு, இடியப்பம், தோசை

மாவிலும் தண்ணீர் சேர்கிறது. ஆகவே அதே விதி: மாவை நிறுங்கள். நூறு கிராம் அரிசி மாவில் சுமார் 366 கலோரி, 80 கிராம் மாச்சத்து.

இடியப்பத்துக்கு 250 கிராம் மா குழைத்து 20 இடியப்பம் பிழிந்தால், ஒன்றுக்கு 46 கலோரி, 10 கிராம் மாச்சத்து. எண்ணிக்கையில் வருவதால் இன்சுலின் போடும் பிள்ளைக்கு இது மிக வசதியான உணவு. ஐந்து சாப்பிட்டால் 50 கிராம். ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை பிழிகிறீர்கள் என்பதை எண்ணித்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

புட்டில் தேங்காய்ப்பூ சேர்கிறது. 200 கிராம் மாவும் 100 கிராம் தேங்காய்ப்பூவும் என்றால் மாவில் 730, தேங்காயில் 354, மொத்தம் 1084 கலோரி. மாச்சத்து 175 கிராம். நான்காகப் பங்கிட்டால் ஒருவருக்கு 271 கலோரி, 44 கிராம் மாச்சத்து. இங்கே கலோரியில் மூன்றிலொன்று தேங்காயால் வருகிறது. மாச்சத்தில் அதன் பங்கு மிகக் குறைவு. கலோரிக் கணக்கும் சீனிக் கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

தோசைக்கு 300 கிராம் அரிசியும் 100 கிராம் உழுந்தும் என்றால் ஏறத்தாழ 1390 கலோரி. இருபது தோசை வந்தால் ஒன்றுக்கு 70, எண்ணெய் புறம்பு. எங்கள் பக்கத்துத் தோசையில் கோதுமை மாவும் சேர்ப்பதுண்டு. அதையும் நிறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காயெண்ணெயும் குளிர்சாதனப் பெட்டியும்

சோற்றில் தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கலோரி பாதியாகும் என்ற செய்தி இன்றும் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அதன் மூலம் எங்கள் நாட்டில்தான் இருக்கிறது. 2015 மார்ச்சில் டென்வர் நகரில் நடந்த அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில், இலங்கையைச் சேர்ந்த மாணவர் சுதைர் ஜேம்ஸ் தன் வழிகாட்டியான கலாநிதி புஷ்பராஜா தவராஜாவுடன் செய்த ஆய்வை முன்வைத்தார். இலங்கையின் 38 அரிசி வகைகளை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். கொதிநீரில் தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்து 12 மணிநேரம் குளிரவைத்தால், குடலில் எளிதில் சமிக்காத மாப்பொருள் கூடுகிறது என்பது அவர்களின் முடிவு. மிகச் சிறந்த வகை அரிசியில் கலோரி 50 முதல் 60 வீதம் வரை குறையக்கூடும் என்பது அவர்கள் சொன்ன எதிர்பார்ப்பு. ஊடகங்களில் அது எல்லாச் சோற்றுக்குமான உண்மையாக மாறிவிட்டது.

குளிரவைப்பதால் மாப்பொருளின் ஒரு பகுதி மறுபடி இறுகுவது உண்மைதான். எவ்வளவு என்பதே கேள்வி. அதே 2015இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், புதிதாக வெந்த வெள்ளைச் சோற்றில் நூறு கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த சமிக்காத மாப்பொருள், 24 மணிநேரம் குளிரவைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராமாகியது. அதாவது ஒரு கிராம் கூடியது. அப்படிப்பட்ட மாப்பொருள் நார்ச்சத்தைப் போலக் கிராமுக்கு 2 கலோரி தருகிறது என்று எடுத்தால், நூறு கிராம் சோற்றில் மிச்சமாவது 2 கலோரி. 130 என்பது 128 ஆகிறது. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயிலோ 40 கலோரி இருக்கிறது.

அந்த ஆய்வில் பங்குபற்றிய 15 ஆரோக்கியமானவர்களுக்குக் குளிரவைத்த சோற்றால் இரத்தச் சீனி ஏறியது சற்றுக் குறைவாக இருந்தது. ஆகவே முறை பயனற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிடவோ இன்சுலினைப் பாதியாக்கவோ இடமில்லை.

மிஞ்சிய சோற்றில் இன்னொரு கவனமும் தேவை. வெந்த சோற்றிலும் உயிர்தப்பும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் உண்டு. சோறு அறைவெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பிரித்தானிய உணவுப் பாதுகாப்பு ஆலோசனை, சோற்றை ஒரு மணிநேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும், ஒரு நாளுக்குள் சாப்பிடவும் சொல்கிறது. ஒரு தடவைக்கு மேல் சூடாக்க வேண்டாம்.

குறித்துவைக்கச் சில எண்கள்

வெள்ளை அரிசி 100 கிராம்: 350–365 கலோரி, 78–80 கிராம் மாச்சத்து.

வெள்ளைச் சோறு 100 கிராம்: சுமார் 130 கலோரி, 28 கிராம் மாச்சத்து.

அரிசியிலிருந்து சோறு: 2.5 முதல் 3 மடங்கு நிறை. உங்கள் வீட்டு எண்ணை நிறுத்துக் கண்டுபிடியுங்கள்.

றைஸ் குக்கர் கப் ஒன்று: சுமார் 150 கிராம் அரிசி, 525 முதல் 550 கலோரி.

அரிசி மா 100 கிராம்: 366 கலோரி, 80 கிராம் மாச்சத்து.

தேங்காய்ப்பூ 100 கிராம்: 354 கலோரி, 15 கிராம் மாச்சத்து.

எமது வீடுகளில் சமைப்பவர் ஒருவர், வைத்தியரோடு கதைப்பவர் இன்னொருவர், செயலியில் பதிவு செய்பவர் மூன்றாமவர். அம்மா அரிசியை அளக்கிறார், மகள் சோற்றைப் பதிகிறார், வைத்தியர் தாளில் 'றைஸ்' என்று எழுதுகிறார். இந்த மூவரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. அடுத்த தடவை உணவியலாளரைச் சந்திக்கும்போது, தாளில் உள்ள அளவு சமைக்க முன்னரா பின்னரா என்று கேட்டு, விடையைத் தமிழில் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அரிசி என்றோ சோறு என்றோ ஒரு சொல் போதும். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால் வீட்டில் யார் சமைத்தாலும், யார் பரிமாறினாலும், கணக்கு ஒன்றாக இருக்கும்.